குழு கூடியது, என்ன கேட்டார்கள்?

உள்ளூர்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு படம் வரும். நீள மேசை. நடுவில் தலைவர், இருபக்கமும் உறுப்பினர்கள், எதிரே கோப்புக் கட்டுகளோடு துறைச் செயலரும் பொறியாளர்களும். படத்தின் கீழே நான்கு வரி: சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு கூடியது, தலைவர் தலைமை தாங்கினார், அதிகாரிகள் கலந்துகொண்டனர், பல்வேறு விஷயங்கள் ஆலோசிக்கப்பட்டன. அவ்வளவுதான். யார் எதைக் கேட்டார், என்ன பதில் வந்தது, பதில் சொல்ல முடியாமல் எந்தத் துறை தவணை வாங்கியது, ஒன்றும் தெரியாது. நம் வரிப்பணத்தைப் பற்றிய கேள்வியும் நம் தெருக் குழாயைப் பற்றிய பதிலும் அந்த அறையோடு நின்றுவிடுகின்றன.

புதுச்சேரியில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சபையில் நடக்கும் வெளிநடப்பு, தர்ணா, உறுப்பினரைச் சபைக் காவலர் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் தலைப்புச் செய்தியாகிறது. ஆனால் அரசின் வேலையைத் தோண்டித் துருவிப் பார்க்க வேண்டிய இடம் சபை மட்டுமல்ல. 2025-26ஆம் ஆண்டுக்கு 13,600 கோடி ரூபாய்க்கு பட்ஜெட் போட்டார்கள். ஒரே நாளில் பல துறைகளின் மானியக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு, உறுப்பினருக்கு இத்தனை நிமிடம் என்று மணியடித்து முடிக்கிற கூட்டத்தில் இவ்வளவு பெரிய தொகையை எப்படி அலசுவது? கோப்பை வரவழைத்துப் பார்ப்பது, அதிகாரியை எதிரே உட்காரவைத்து முகம் பார்த்துக் கேட்பது, பதில் சரியில்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வது, இவையெல்லாம் குழுவால்தான் முடியும். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு என்று பெயர்கள் இருப்பதே அதற்காகத்தான்.

டெல்லியில் இதன் அருமை ஓரளவு தெரிந்திருந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் பதவி 1967 முதல் எதிர்க்கட்சிக்குத் தரப்படுகிறது. 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. பிறகு அங்கேயும் தேய்மானம்தான். பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுக்களுக்குப் போயின. பதினேழாவது மக்களவையில் அது 16 விழுக்காடாகச் சுருங்கியது. போகிற கொஞ்சமும் மூடிய அறைக்குத்தான் போகிறது. குழுக் கூட்டம் தனிமையில் நடக்க வேண்டும் என்று மக்களவை விதி 266 சொல்கிறது. மாநில மன்றங்களும் பெரும்பாலும் அதே வழியில்தான் நடக்கின்றன.

மூடிய அறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் பொருளற்றதல்ல. கேமரா இல்லாத இடத்தில் உறுப்பினர்கள் கட்சி மறந்து பேசுகிறார்கள், அதிகாரிகள் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள் என்பார்கள். குழுக்களில் இருந்தவர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன். அறிக்கையில் எதை எழுதுவது, எதை விடுவது என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசும்போது கதவைச் சாத்திக்கொள்ளட்டும். ஆனால் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒரு குழாயைப் பற்றிச் சொல்லும் சாட்சியத்தில் என்ன ரகசியம் இருக்கிறது? சாட்சியம் ஊரறிய, ஆலோசனை தனியறையில் என்று பிரித்துக்கொண்டால் போதும். பிரிட்டனில் அப்படித்தான் செய்கிறார்கள்.

சபையே திறந்த வெளியில் கூடிய ஊர் இது. 2020 ஜூலை 25 அன்று, உறுப்பினர் ஒருவருக்குக் கொரோனா உறுதியானதால், மண்டபத்தை விட்டுவிட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கூடினார்கள். 9,000 கோடி ரூபாய் பட்ஜெட் அந்த மரத்தடியில்தான் நிறைவேறியது. சபையின் கண்ணியத்துக்கு அன்று ஒரு குறைவும் வரவில்லை.

பகிரங்க விசாரணை என்பது புதுச்சேரிக்குப் புதிதுமல்ல. மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தலைமையிடம் குருகிராம். கோவாவுக்கும் பல யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரே ஆணையம். மின்துறை கட்டண மனுவைத் தாக்கல் செய்ததும் ஆணையம் இங்கே வந்து கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். தொழிற்சாலைக்காரர், நுகர்வோர் அமைப்பினர், தொழிற்சங்கத்தார், கட்சிக்காரர், பென்ஷன் வாங்கும் பெரியவர், எல்லோரும் மைக்கைப் பிடிப்பார்கள். சிலர் பழைய ரசீதுகளைக் கிளிப் போட்டு எடுத்துவந்து, மாதம் சொல்லித் தொகை சொல்லிப் படிப்பார்கள். சத்தமும் இருக்கும். எதிரே மின்துறை அதிகாரிகள் உட்கார்ந்து குறிப்பெடுத்தாக வேண்டும்.

அதன் பிறகு வருகிற ஆணையைப் பாருங்கள். நுகர்வோர் சொன்ன ஆட்சேபம், அதற்குத் துறையின் பதில், அதன் மேல் ஆணையத்தின் கருத்து என்று மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். நிலைக் கட்டணம் ஏன் இவ்வளவு என்று ஒருவர் கேட்டது அப்படியே பதிவாகிறது. துறை தட்டிக் கழித்திருந்தால் அந்தத் தட்டிக் கழித்த வாசகமும் பதிவாகிறது. கட்டணம் குறைந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் கேட்டதும் சொன்னதும் பத்து வருடம் கழித்தும் எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்கிறது. குருகிராமிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் நம்மைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் நடத்தும் விசாரணையை மட்டும் நாம் பார்க்க முடியவில்லை.

அதே மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்க 2022 செப்டம்பர் கடைசியில் டெண்டர் விட்டபோது இந்தப் பகிரங்க விசாரணைப் பழக்கத்தை எங்கும் காணோம். இரண்டு ஆண்டுக்கு முன்பு, 2020இல், அதே சபை தனியார்மயத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. இடையில் என்ன மாறியது, லாபக் கணக்கு என்ன, ஊழியரின் கதி என்ன என்று ஒரு குழுவும் ஊர்முன் வைத்து விசாரிக்கவில்லை. ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, பல தொகுதிகள் இருட்டில் கிடக்க, மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். விளக்கம் வர வேண்டிய நேரத்தில் துணை ராணுவம் வந்தது.

இந்த ஊருக்குப் பகிரங்க விசாரணை மற்ற மாநிலங்களைவிட அதிகம் தேவை என்பதற்கு ரேஷன் அரிசியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2015 செப்டம்பரில் மத்திய அரசின் உணவு மானியம் இங்கே ரொக்கமாக மாறியது. பிறகு புதுச்சேரி அரசு தரும் இலவச அரிசிக்கும் பணமே என்று ஆளுநர் மாளிகை நின்றது. அரிசியே வேண்டும் என்று அமைச்சரவை நின்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், முதல்வரின் மனு 2020இல் தள்ளுபடியானது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300 ரூபாய். கிலோ 30 ரூபாய்க்குச் சாப்பிடுகிற மாதிரி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அட்டைதாரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூடிக் கிடந்த ரேஷன் கடைகளின் ஊழியர்கள் பல மாதச் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, கடைகள் மறுபடி திறந்தன.

இத்தனை வருடத்தில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். முதல்வர் ஆளுநரைக் காட்டினார். ஆளுநர் மத்திய அரசின் கொள்கையைக் காட்டினார். அதிகாரி கோப்பைக் காட்டினார். துணைநிலை ஆளுநர், அமைச்சரவை, தலைமைச் செயலர், உள்துறை அமைச்சகம் என்று அதிகாரம் இப்படிச் சிதறிக் கிடக்கிற இடத்தில், எல்லோரையும் ஒரே மேசைக்கு எதிரே வரவழைத்து ‘இந்தக் கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது’ என்று கேட்கிற ஓர் இடம் இருந்தால்தான் உண்மை துலங்கும். ஆளுநரைக் குழு வரவழைக்க முடியாது, தெரியும். கோப்பைத் தூக்கிக்கொண்டு போன செயலரை வரவழைக்கலாம் அல்லவா?

இன்னொரு சிக்கல், நம் சபை மிகச் சிறியது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் 30 பேர், நியமனம் 3. இதில் முதல்வரோடு ஆறு அமைச்சர்கள், சபாநாயகர், துணை சபாநாயகர், அரசுக் கொறடா. மீதியிருக்கும் ஆளுங்கட்சிக்காரர்களில் சிலருக்கு வாரியத் தலைவர் பதவி கொடுப்பது இங்கே எல்லா ஆட்சியிலும் வழக்கம். அரசைக் கேள்வி கேட்க மிச்சம் எத்தனை பேர்? கேட்க ஆளில்லாததன் விலையை அரசு நிறுவனங்களில் பார்க்கலாம். 1898இல் எழுந்த ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது. பாசிக், பாப்ஸ்கோ ஊழியர்கள் சம்பள பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றிருக்கிறார்கள். இந்த நிறுவனங்கள் சரிந்துகொண்டிருந்த வருடங்களில் அவற்றின் கணக்கை ஊரறிய யாராவது புரட்டியிருந்தால், அந்த ஊழியர்களே எழுந்து வந்து பாதி விடையைச் சொல்லியிருப்பார்கள். உறுப்பினர் எண்ணிக்கை போதாத சபைக்கு மக்களின் காதும் வாயும் துணைக்கு வேண்டும்.

வெளியூர் உதாரணங்கள் நமக்கு எட்டாதவையல்ல. 2006இல் பிரான்சில் ஊத்ரோ வழக்கு பற்றி நாடாளுமன்ற விசாரணைக் குழு அமர்ந்தது. செய்யாத குற்றத்துக்குச் சிறைவாசம் அனுபவித்தவர்கள் உட்பட 13 பேர் விடுதலையான வழக்கு அது. வழக்கை முதலில் விசாரித்த இளம் நீதிபதியை உறுப்பினர்கள் கேள்வி கேட்டதை நாடே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தது. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வழிவந்த நம் ஊர்ச் சொல்தா குடும்பங்கள் இன்றைக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகின்றன. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரருக்கென 2012இலிருந்து தனி உறுப்பினர்களே இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டுப் போடும் பாரிஸ் சபையின் குழு விசாரணையை இங்கே வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாலு தெரு தள்ளி இருக்கும் சபையின் குழு விசாரணையைப் பார்க்க முடியாது.

புதுச்சேரியின் பகுதியான மாஹேயில் இருப்பவர்கள் சுற்றிலும் பார்ப்பது கேரளம். அங்கே 1980லேயே துறைவாரிக் குழுக்கள் வந்துவிட்டன. செலவு நடக்கும் முன்பே மானியக் கோரிக்கையைப் பார்க்கின்றன. பக்கத்துத் தமிழ்நாட்டில் மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமாகப் போகிறது. முன்கூட்டியே அறிவித்து மனு வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தவரையும் அதிகாரியையும் எதிரெதிரே வைத்துக் கேட்கிறது. கடலூர்க்காரருக்குக் கிடைப்பது பாகூர்க்காரருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இதற்கு டெல்லியின் கையை எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. மாநில அந்தஸ்து கேட்டுப் பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் போட்டுவிட்டோம், பதில் அவர்கள் கையில். தன் நடவடிக்கை விதிகளை வகுத்துக்கொள்ள 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டமே சபைக்கு அதிகாரம் தருகிறது. குழு சாட்சியம் கேட்பது பகிரங்கமாக இருக்கும், சாட்சியம் தமிழில் அச்சிட்டு வெளியிடப்படும் என்று விதியில் இரண்டு வரி சேர்க்க, எல்லாக் கட்சியும் உட்கார்ந்தால் ஒரு கூட்டத்தொடர் போதும்.

முதல் விசாரணை எங்கே என்று கேட்டால் ரெட்டியார்பாளையம் புதுநகர் என்பேன். 2024 ஜூன் 11 காலையில் அங்கே பாதாளச் சாக்கடை வாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பெண்கள் இறந்தார்கள். ஒரு முதியவர், அவரைத் தூக்கப் போன மகள், பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவி. சொந்த வீட்டுக் கழிப்பறைக்குப் போனதற்காக உயிர் போவதை இந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. நிவாரணம் கொடுத்தார்கள், அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், சபையிலும் பேசினார்கள். கழிப்பறைக் குழாயின் வளைவில் தண்ணீர் தேங்கி நின்றால் சாக்கடை வாயு மேலே ஏறாது. பிளம்பர்கள் அதை டிராப் என்பார்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். எத்தனை வீடுகளில் அது இருக்கிறது, இல்லாத வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தது யார் என்ற கணக்கு புதுச்சேரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய கணக்கு.

இதைக் கேட்க வார்டு கவுன்சிலரும் இல்லை. இங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல்; அதற்கு முந்தையது 1968இல். ஆகவே கேட்க வேண்டியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள்தான். ரெட்டியார்பாளையத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, பொதுப்பணித் துறை, உழவர்கரை நகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் மூன்றையும் மேடைக்கு எதிரே உட்காரவைத்து, தெருக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். அந்தக் குழாய் எந்த வருடம் போட்டது? ஆள்நுழைவுத் தொட்டிகளில் வாயு அளவை இப்போது யார், எந்தக் கருவியால், எத்தனை நாளுக்கொரு முறை பார்க்கிறார்கள்? அந்த அளவு எங்கே எழுதி ஒட்டப்படுகிறது? இரவு இரண்டு மணிக்கு நாற்றம் வந்தால் எந்த எண்ணை அழைப்பது, எடுப்பது யார்? அந்த ஜூன் மாதத்துக்கு முன்பு அந்தத் தெருவிலிருந்து புகார் வந்திருந்ததா? வந்திருந்தால் எந்தப் பதிவேட்டில், எந்தத் தேதியில், யார் கையெழுத்தில்?