கவணும் கரிச்சானும்

சென்ற மாதம் நமது சங்கத்தின் நிர்வாகக் குழுவிற்கு அங்கத்தினர் சிலர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று வந்தது. சோளம் பால் பிடிக்கும் தறுவாயில் கிளிகளும் குருவிகளும் கூட்டங் கூட்டமாக வந்து விழுந்து கதிரைப் பாழாக்குவதால், உண்டிவில்லும் இரும்புக் குண்டுகளும் பண்டகசாலை வழியாக அடக்க விலைக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும், அடித்த பறவை ஒன்றுக்கு இவ்வளவு என்று இளைஞர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கவேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தனர். வருகிற பொதுப்பேரவைக் கூட்டத்தில் இது விவாதத்திற்கு வர இருக்கிறது. அதற்கு முன்பாக நமது அபிப்பிராயத்தை அங்கத்தினர் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

நாம் இவ்விண்ணப்பத்தை எதிர்க்கிறோம். ஆயினும், விண்ணப்பித்தவர்களின் கஷ்டத்தைச் சிறிதாக எண்ணுவார் எவரும் நம்மில் இலர். கடன் வாங்கி விதைத்து, மழைக்கு வானம் பார்த்து, கதிர் வந்த பின் அதைக் கிளிக்கு விருந்தாக விட்டுக் கைகட்டி நிற்கச் சொல்வது எந்தக் குடியானவனுக்கும் ஏற்புடையதன்று. காவல் வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமையே இல்லை. கொல்வது காவலாகுமா என்பதே கேள்வி.

கவண் நமக்குப் புதியதன்று. சங்கச் செய்யுட்களில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண் மீதிருந்து தினைப்புனம் காத்த செய்தியைப் படித்திருக்கிறோம். தழல், தட்டை, குளிர் என்று அவர்கள் கையாண்ட கருவிகளின் பெயர்களைக் கபிலர் தமது குறிஞ்சிப்பாட்டில் தந்திருக்கிறார். கவணும் அக்காவலுக்குரிய கருவியே. அப்பெண்களின் தொழிலுக்கு நம் முன்னோர் இட்ட பெயரை நோக்குங்கள்: ‘கிளி கடிதல்’, ‘கிளி ஓப்புதல்’. கடிதலாவது விலக்குதல், ஓப்புதலாவது ஓட்டுதல். கிளியைக் கொல்லுதல் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆயிரம் கிளிகள் திரண்டு வரும் புனத்தில் ஒன்றிரண்டைக் கொல்வதால் ஒரு கதிரும் மிஞ்சாது. ஆயிரத்தையும் அஞ்சி எழச் செய்தால் தினை மிஞ்சும். இது அவர்கள் நன்கறிந்த கணக்கு.

இன்று சிறுவர் கையிலிருக்கும் கவட்டை வேறு வகையானது. ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்ற பின்னரே இவ்வகைக் கருவி தோன்ற முடிந்தது. நம் ஊர்களில் பழைய சைக்கிள் டியூபும், கொய்யாக் கவையும், செருப்புத் தோல் துண்டும் சேர்ந்தால் அது தயார். சுழற்றி வீசும் பழைய கவணைக் குறிவைத்துப் பழக நெடுநாள் ஆகும். கவட்டையோ ஒரு வாரத்தில் பத்து வயதுச் சிறுவனையும் வேட்டைக்காரனாக்கி விடுகிறது.

அவன் எதை அடிப்பான்? இதனைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டுகிறோம். கிளிக் கூட்டம் கதிரில் இறங்கிய நேரத்தில் முதற்கல் சென்றவுடன் அத்தனையும் கிறீச்சிட்டுப் பறந்துவிடும். இரண்டாம் கல்லுக்கு அங்கே இலக்கே இல்லை. அடுத்த வேலிக்கல்லின் மேல், அல்லது கவலைக் கிணற்றின் கட்டைமீது, இரட்டை வாலை ஆட்டிக்கொண்டு கரிச்சான் அசையாமல் அமர்ந்திருக்கிறது. பூச்சி பறக்கும் வரை அது இடத்தை விட்டு நகராது; அதுவே அதன் இரை தேடும் முறை. ஆகவே கல் அதன்மேல் படுகிறது. கொள்ளையடித்தவன் ஓடிவிட, காவற்காரன் அடிபடும் கதை இது. ஏர் பின்னே நடந்து புழு பொறுக்கும் மைனாவும், மாட்டின் காலடியில் வெட்டுக்கிளி பிடிக்கும் உண்ணிக்கொக்கும், பகலில் மரப்பொந்தில் கண்ணயர்ந்திருக்கும் ஆந்தையும் இவ்வாறே சாகின்றன. கூகையின் குரலை அபசகுனமென்று எண்ணிக் கல்லெறியும் பெரியவர்களும் உண்டு. வயல் எலியை இரவெல்லாம் தேடித் தின்னும் பறவைக்கு நாம் தரும் கூலி அது! எலியோ இரவில் நடமாடுவது, கவட்டைக்கு அகப்படாது. அதற்குத் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது, வளை தோண்டுவோர் இருக்கின்றனர், ஆந்தையும் இருக்கிறது.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்கள் இதனை இன்னும் கூர்ந்து நோக்கவேண்டும். காய்ப்புழுவைக் கரிச்சானும் மைனாவும் பொறுக்குகின்றன என்பதனாலேயே பருத்திக் காட்டில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை பறவை இருக்கைக் குச்சிகள் நட வேளாண்மைத் துறையார் சொல்லி வருகின்றனர். ஒரு கையால் குச்சி நட்டு, மறு கையால் அதில் வந்தமரும் பறவையை அடிப்பது என்ன விவசாயம்? புழு துளைத்த காயின் பஞ்சு எத்தகைய நூலாகும் என்பதைத் தறியிலமர்ந்திருக்கும் நமது நெசவாளச் சகோதரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: சோளத்திலும் நெல்லிலும் மணி பிடிக்கத் தொடங்கியவுடன் அக்குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் கதிர் கொத்தும் பறவைகளுக்கும் அதுவே ஆசனமாகிவிடும்.

பரிசு கொடுத்துப் பறவையை ஒழிக்க முனைந்தால் என்னவாகும் என்பதற்குச் சீன தேசத்தின் அனுபவம் ஒன்று உண்டு. 1958-இல் அங்கே எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்க அரசினர் பெரும் இயக்கம் தொடங்கினர். தானியம் தின்பதே குருவி செய்த குற்றம். ஊரே திரண்டு பறையும் தட்டும் முழக்கி, குருவி எங்கும் அமர விடாமல் விரட்டி, அது களைத்து விழுந்து சாகும்படி செய்தது, கூடுகளைக் கலைத்தனர், கவட்டையுடன் சிறுவர்கள் அலைந்தனர். குருவி குறைந்தது, பூச்சி பெருகிற்று. அறிவியலாளர் குருவிகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்து அவை தின்னும் பூச்சியின் அளவை எடுத்துக் காட்டிய பின்னர், 1960-இல் ஒழிப்புப் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி அவ்விடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அவ்வாண்டுகளில் அங்கு நேர்ந்த கொடும் பஞ்சத்திற்குக் குருவிக் கொலை ஒன்றே காரணமென்று சொல்வது மிகையாகும். வேறு பெருங் காரணங்கள் இருந்தன. விளைச்சலுக்கு அதுவும் தீங்கு செய்தது என்பதில் ஐயமில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் வேடந்தாங்கல். அவ்வூர் ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட குடியானவர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி 1790-களில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, எழுத்து மூலம் பாதுகாப்புப் பெற்றனர். கூட்டுறவுச் சட்டமே இல்லாத காலத்தில் ஊர் கூடிச் செய்த காரியம் அது!

சட்டத்தையும் மறக்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொல்வது மட்டுமன்றிக் காயப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் வேட்டையே ஆகும். மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. மயிலால் நேரும் நஷ்டம் மெய்யானது; அதற்கு இழப்பீடு கேட்டு அரசினரிடம் சங்கத்தின் பெயரால் முறையிடுவோம், அதில் பின்வாங்க மாட்டோம். ஆனால் மயிலை அடிக்கக் குண்டு விற்ற சங்கம் என்ற பெயர் நமக்கு வேண்டாம். கறிக்காகக் கௌதாரியும் புறாவும் அடிப்போருக்கும் இதுவே பதில். கௌதாரி உயிரோடிருந்தால் கரையான் தின்னும். சட்டியில் அது நாலு வாய்க்குப் போதாது.

நெசவாளர் பக்கத்துச் சங்கதி ஒன்று. நம்மவர் பாவடியில் நிழலுக்கு வைத்த புளியும் வேம்பும் பறவைகளின் குடியிருப்பு. விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு ஆற்றும்போது, கிளையிலிருந்த குருவிக்கு எய்த கல் பாவின்மேல் விழுந்து இழைகள் அறுந்ததை நாமே கண்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய நஷ்டமும் கண்டிருக்கிறோம். சிறுவயதில் தோழன் எய்த கூழாங்கல் பட்டு இடக்கண் இழந்த நெசவாளர் ஒருவர் நம்முள் இருக்கிறார். அறுந்த இழையை எடுத்து விழுதில் கோக்கும்போது நூல் எவ்வளவு தூரத்திலிருக்கிறதென்று ஒற்றைக் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலால் தடவித் தேடுகிறார். பிறர் ஒரு நாளில் முடிப்பது அவருக்கு ஒன்றரை நாள். அவரெதிரில் இரும்புக் குண்டை விற்பனைக்கு வைக்க நமக்கு மனம் வரவில்லை.

தூக்கணாங்குருவியும் சோளம் தின்கிறதே என்பர். உண்மை. அதன் குஞ்சுக்கு ஊட்டுவதோ பூச்சி. தவிரவும், தறியும் நாடாவுமின்றி அலகொன்றாலேயே நூற்றுக்கணக்கான முறை நார் கொணர்ந்து கூடு நெய்யும் அதனை நெசவாளர் சங்கமே கொல்லச் சொல்வது நகைப்பிற்கிடமாகும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? கதிர் பால் பிடிப்பது முதல் மணி முற்றும் வரை மூன்று நான்கு வாரமே ஆபத்துக் காலம்; அதிலும் விடிந்த பின் சில மணி நேரமும், பொழுது சாயும் நேரமும். தனித்து முந்தி விதைத்த வயலிலும் பிந்தி விதைத்த வயலிலுமே பறவைகள் முழுக் கூட்டமாக இறங்குகின்றன. ஒரு கண்டத்தில் உள்ள அங்கத்தினர் அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பலர் வயலுக்கும் பங்காகிவிடும். எவரும் அழிய மாட்டார். காவலையும் அவ்வாறே பங்கிடலாம். பரண் ஒன்றுக்கு இருவர் வீதம் முறை வைத்துக்கொள்வோம். பெரியவர்களே ஏறவேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை இதற்கு நிறுத்தலாகாது. உண்டிவில்லையும் நாம் அடியோடு ஒதுக்கவில்லை. வயலுக்குள் ஆங்காங்கே கழிகளில் காலித் தகர டின்களைக் கட்டித் தொங்கவிட்டு, பரணிலிருந்து டின்னைக் குறிவைத்துச் சுடாத களிமண் உருண்டையை எய்தால், எழும் ஓசைக்குக் கூட்டம் முழுதும் கிளம்பிவிடும். உருண்டை உடைந்து மண்ணோடு மண்ணாகும். ஒரே இடத்து ஓசைக்குப் பறவை பழகிவிடுமாகையால், டின்களை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றவேண்டும்.

இம்முறையை இவ்வாண்டு கிழக்குக் கண்டத்துச் சோளக் காடுகளில் நடத்திப் பார்க்கத் தீர்மானம் ஒன்றைப் பேரவையில் கொண்டுவருவோம். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர்களே முதல் வாரக் காவலை ஏற்க முன்வருவார்களென நம்புகிறோம். முறைப் பட்டியல் சங்க அலுவலகத்தில் வைக்கப்படும். வீட்டில் காலி டின் உள்ளவர்கள் கூட்டத்திற்கு வரும்போது கையோடு கொண்டுவர வேண்டுகிறோம்.