பெயருக்கு ஒரு விலை

விலை மிகுந்த கறுப்புக் கண்ணாடியே கண்ணைக் காக்கும் என்னும் நம்பிக்கை கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. இது விஞ்ஞானமன்று, வணிகம் வளர்த்த மயக்கமே.

கண்ணுக்கு ஊறு செய்வன கழியூதாக் கதிர்கள். 400 நனோமீற்றர் வரையிலான அக்கதிர்களைத் தடுப்பதே வில்லையின் தலையாய பணி. பொலிகாபனேற்று என்னும் மலிவான பிளாத்திக்கு இயல்பாகவே அவற்றுட் பெரும்பாலானவற்றை உறிஞ்சவல்லது. ஆகவே, பாதுகாப்பு செல்வரின் தனியுடைமையன்று.

பெயர்களின் பின்னணியை நோக்குவோம். 1961 இல் இத்தாலியின் அகோர்தோவில் தோன்றிய லக்சோட்டிக்கா, 1999 இல் றே-பானை விலைக்கு வாங்கியது. பிராடா, சனெல் ஆகியவற்றின் கண்ணாடிகளையும் உரிமம் பெற்று அதுவே செய்கின்றது. 2018 இல் வில்லை உற்பத்தியாளரான எசிலோருடன் இணைந்தது. போட்டியிடுவனபோலத் தோன்றும் பெயர்கள் பல. செய்யும் கை ஒன்றே.

மலிவானவை யாவும் நல்லனவோ எனச் சிலர் வினவுவர். அல்ல. கதிரைத் தடுக்காத கருவில்லை கண்மணியை விரியச் செய்து, கேடான கதிர்களுக்கு வழிதிறக்கும். ஆயின் அதற்கு மருந்து விலையேற்றமன்று, சோதனையே. கண்ணாடிக் கடைகள் பலவற்றிலுள்ள கதிர்மானி நொடியில் உண்மையை உரைத்துவிடும். உறுதியான சட்டகமும் திரிபற்ற வில்லையும் சிறிது கூடுதல் விலை பெறலாம். பன்மடங்கு விலையோ பெயருக்கே உரியது.

நாள் முழுதும் வெயிலில் உழைப்போர் உழவரும் மீனவருமே. கண்புரை அச்சம் அவர்களுக்கே மிகுதி. பாதுகாப்பு விலையுயர்ந்தது என்னும் பொய் அவர்களை வெறுங்கண்ணுடன் நிற்க வைக்கின்றது. அப்பொய்யைப் பரப்புவதில் நாமும் பங்காளிகளாகலாமா?