கையெழுத்துக்கு முன் கணக்கு

புணே வானவடியிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948இல் நிறுவப்பட்டது. அங்கு இளநிலை மருத்துவம் பயில்வோருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பயின்றபின் படை மருத்துவராகப் பணியாற்றும் கடப்பாடு உண்டு. பள்ளி முடித்த கையோடு மாணவர் அதற்கு ஒப்புகிறார்.

கல்விக்கடனும் அத்தகைய வாக்குறுதியே. படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பதைப் பலரும் அறிவர். அப்போதும் வட்டி சேர்வதை மாணவரிடம் சொல்வோர் சிலரே. செலவுக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைப்பதை அன்பென்று பெற்றோர் எண்ணலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கடனை அடைக்க வேண்டியவர் அம்மாணவரே அல்லவா?

ஆகவே, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கட்டணம், வட்டி, கடப்பாடு ஆகியவற்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரே தாளில் எழுதிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.