பிள்ளையின் கிடாருக்குக் கம்பி மாற்றி எத்தனை நாளாச்சு?

லண்டனில் நம்மவர் வீடுகள் பலவற்றில் தூசி படிந்த எலெக்ட்ரிக் கிடார் ஒன்று மூலையில் நிற்கும். கேட்டால், "ஆசைப்பட்டான், வாங்கிக் கொடுத்தோம். ஆறு மாசத்துல விட்டுட்டான். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லைங்க" என்று பதில் வரும்.

அந்தக் கிடாரின் கம்பியை ஒருமுறை தடவிப் பாருங்கள். விரலில் கறுப்பாக ஒட்டும். கடையிலிருந்து வந்த அன்று மாட்டியிருந்த அதே கம்பியாக இருக்கும். பையனுக்குப் பொறுமை போச்சா, கம்பி செத்துப்போச்சா என்று யாராவது பார்த்தோமா?

எலெக்ட்ரிக் கிடாரின் கம்பி எஃகு. வியர்வையின் உப்பும் ஈரமும் பட்டால் துருப்பிடிக்கும். தடித்த கம்பிகளின் சுற்றுகளுக்கு இடையே அழுக்கு சேரும். ஃப்ரெட்டில் உரசி உரசி அடியில் பள்ளம் விழும். அதன்பிறகு ட்யூனர் வைத்துச் சுருதி சேர்த்தாலும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும், விரலும் அதிகமாக வலிக்கும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இது கம்பியின் கோளாறு என்று தெரியாது. 'எனக்கு வரலை' என்றுதான் நினைக்கும்.

கம்பி ஒரு தடையாக முடியும் என்பது பழைய விஷயம். 1950களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் கிடார் கடை தொடங்கிய எர்னி பால், புதிதாகக் கற்பவர்கள் தடித்த கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். 1960களின் தொடக்கத்தில் மெல்லிய கம்பி செட்டுகளை விற்க ஆரம்பித்தார். இன்று எல்லாக் கடையிலும் தொங்கும் மெல்லிய செட்டுகளுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

நம்மிடம் பணம் இல்லாமல் இல்லை. அரங்கேற்றம் என்றால் மண்டபம், நகை, பட்டு என்று கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். கிடார் என்றால் மட்டும் "அது நம்ம வாத்தியமா?" என்று ஓர் அலட்சியம். வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே! மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை வைத்துத்தான் கர்நாடக சங்கீதத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரிலேயே கீர்த்தனை வாசிக்கிறார்.

இங்கே ஒரு சாதாரண செட்டின் விலை சுமார் 6 முதல் 10 பவுண்டு. ஒரு பிரியாணி பார்சல் காசு. தினமும் வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு செட் போதும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலில், பாக்கெட்டில் 'எலெக்ட்ரிக்' என்று இருக்க வேண்டும். பிக்கப் காந்தத்தால் வேலை செய்வது; அகூஸ்டிக் கிடாரின் வெண்கலம் சுற்றிய கம்பியைப் போட்டால் சத்தம் சீராக வராது, நைலானைப் போட்டால் வரவே வராது. இரண்டாவது, கனம். 09-42, 10-46 என்று போட்டிருப்பது மெல்லிய, தடித்த கம்பிகளின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. புதிதாகக் கற்பவருக்கு 09 இலகு. சின்ன அளவு கிடாரில் கம்பி தளர்வாக இருக்கும் என்பதால் அதற்கு 10 பொருந்தும். மூன்றாவது, போலி. பெரிய பிராண்டுகளின் பாக்கெட்டை அச்சு அசலாகக் காப்பியடித்து ஆன்லைனில் விற்கிறார்கள். பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், கம்பியைப் பக்கத்து ஊர் இசைக் கடையில் வாங்குங்கள். கிடாரையும் கூடவே கொண்டுபோங்கள். எந்தக் கனம் சரி, பிரிட்ஜ் எந்த வகை என்று கவுன்டரில் நிற்பவர் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஒற்றைக் கம்பியும் பல கடைகளில் கிடைக்கும். பிரைட்டனின் ஜி.ஏ.கே., பல ஊர்களில் கிளை வைத்திருந்த பி.எம்.டி. போன்ற பெரிய கடைகளே 2025-இல் மூடிவிட்டன. மிச்சம் இருக்கும் கடைகளும் போய்விட்டால், அடுத்த தலைமுறைப் பிள்ளை கிடாரைத் தொட்டுப் பார்ப்பதற்குக்கூட இடம் இருக்காது. ஆன்லைனில் மிச்சமாகும் ஒன்றிரண்டு பவுண்டுக்கு அது ரொம்பப் பெரிய விலை.

கம்பியை நீங்கள் மாற்றிக் கொடுக்க வேண்டாம். பிள்ளையை மாற்றச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அரைமணி நேர வேலை. புதுக் கம்பியில் முதல் தட்டு தட்டும்போது வரும் அந்தப் பளிச்சென்ற சத்தத்தை இரண்டு பேரும் கேளுங்கள். அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் அது பிள்ளையின் முடிவு, மதித்து விட்டுவிடலாம். அதற்கு முன்னால் 'பொறுமை இல்லாத பையன்' என்று முத்திரை குத்தாதீர்கள். அந்த முத்திரையைக் கம்பி மாதிரி சுலபமாக மாற்ற முடியாது.