பொறியியல் படித்தவர் சட்டம் பயில்வது வீணா?

இவ்வாண்டு எம் பள்ளியின் பெற்றோர் தின விழாவிற்குப் பழைய மாணவியான அக்கா ஒருவர் வந்திருந்தார். இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருப்பதாகவும், காப்புரிமைச் சட்டமே தம் குறிக்கோள் என்றும் கூறினார். "ஒரு சீட்டை வீணாக்கிவிட்டாளே!" என்று பின்வரிசையில் ஒரு தாய் முணுமுணுத்தது எங்கள் காதில் விழுந்தது. அன்று முதல் பத்தாம் வகுப்பில் இதே பேச்சுதான்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, பிறர் அவர் அனுமதியின்றி அதைச் செய்து விற்காதபடி இருபது ஆண்டுகளுக்கு அரசு தரும் உரிமையே காப்புரிமை. அதற்கு ஈடாக அவர் தம் கண்டுபிடிப்பை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பற்சக்கரம் எவ்வாறு சுழல்கிறது என்று அறியாதவர் அதை எப்படி எழுதுவார்? ஆகவேதான் காப்புரிமை முகவர் தேர்வை எழுத அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் இவற்றுள் ஒன்றில் பட்டம் வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கூறுகிறது. வழக்கறிஞராகி நீதிமன்றத்தில் வாதாடவே அதற்கு மேல் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. அக்கா ஏறி வந்த ஏணியே அந்தச் சீட்டு அன்றோ!

அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் 1930-இல் இயற்பியல் பட்டம் பெற்று, பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். பின் அங்கேயே காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். பிறகு வேறொரு நிறுவனத்தில் அதே பணியைச் செய்துகொண்டே நியூயார்க்கில் இரவில் சட்டம் பயின்றார். நூல் வாங்கப் பணமின்றி நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்தார். அலுவலகத்திலோ காப்புரிமைப் பத்திரங்களுக்குப் பிரதிகள் போதவில்லை. பிரதி எடுக்க எளிய வழி இல்லையா என்று தேடத் தொடங்கியவர், 1938 அக்டோபர் 22 அன்று மையின்றி உலர்ந்த பொடியால் முதல் நகலை எடுத்துவிட்டார். இன்று நாம் மாதிரி வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்த ஜெராக்ஸ்தான் அது! அவர் வெறும் பொறியாளராகவே இருந்திருந்தால் அந்தத் தேவை அவர் கண்ணில் பட்டிருக்குமா?

நம் சென்னையிலும் ஒரு சான்று உண்டு. க்ளிவெக் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மலிவான மருந்தை நம்பியிருந்த நோயாளிகளின் வாழ்வு, படிகங்களின் வேதியியலைப் பற்றிய வாதத்தில் தொங்கியது. அங்கே அறிவியல் அறியாத வழக்கறிஞர் என்ன செய்திருப்பார்?

அந்தத் தாயின் கவலையையும் நாங்கள் எள்ளவில்லை. கல்விக் கடனைத் தீர்க்கும் முன்பே மீண்டும் கட்டணம் கட்டுவது எளிதன்று. ஆனால் ஓர் அண்ணன் வேலையை விட்டு எம்.பி.ஏ. சேர்ந்தால் 'மேற்படிப்பு' என்பவர்கள், ஓர் அக்கா சட்டம் சேர்ந்தால் மட்டும் 'வீண்' என்பது ஏன்? இக்கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் விடை கிடைக்கவில்லை. பெற்றோர்தாம் கூற வேண்டும்.

விழா முடிந்ததும் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, "வருமானம் குறையாதா அக்கா?" என்று கேட்டோம். குறையும் என்றார், சில ஆண்டுகள் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்க வேண்டுமாம். வீட்டில் அப்பா இன்னும் சரியாகப் பேசுவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.