பரண்மேல் ஏறிய கீபோர்டு

பக்கத்து வீட்டுப் பெண் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே கீபோர்டு கற்றுக்கொள்பவள். சாயங்காலம் ஆறு மணியானால் அவள் வாசிப்பது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லை. மாடிப்படியில் அவள் அம்மாவைப் பார்த்தபோது கேட்டேன்.

“பப்ளிக் எக்ஸாம் வருஷம் அண்ணே. கிளாஸை நிறுத்திட்டோம். கீபோர்டையும் பரண்மேல ஏத்தியாச்சு. கண்ணுல பட்டா கை அங்கேதான் போகுது” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பிள்ளைக்கும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று மாலை கடற்கரைக்குப் போகும் வழியில் ரோமன் ரோலண்ட் வீதியில் நடந்தேன். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் போட்டோ எடுக்கும் கூட்டம். நம் புதுச்சேரியில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. 1827-ல் தொடங்கிய பழைய நூலகத்துக்கும் அவர் பெயர்தான். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் என்று பலருக்கும் தெரியும். அவர் ஒரு பியானோக்காரர் என்பது?

1866-ல் பிரான்ஸில் ஒரு சிற்றூரில் பிறந்தவர் ரோலண்ட். பியானோ சொல்லிக்கொடுத்தது அம்மா. பையனுக்கு இசைதான் உயிர். ஆனால், வீட்டார் நினைத்தது வேறு. அவனுக்கு நல்ல படிப்பு கிடைக்க வேண்டுமென்று 1880-ல் குடும்பமே பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெரிய கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வு. இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை 1886-ல் இடம் கிடைத்தது. படித்தது வரலாறு. நம் வீட்டுக் கதை மாதிரியே இல்லை?

கச்சேரி மேடை அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால், பியானோவை அவர் மூடி வைக்கவுமில்லை. படித்த வரலாற்றையும் பிடித்த இசையையும் சேர்த்து, இசை வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். 1903-ல் பீத்தோவனின் வாழ்க்கையை எழுதினார். அடுத்து, ஓர் இசைக்கலைஞனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ழான் கிறிஸ்தோஃப்’ என்ற பெரிய நாவல். 1915-க்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்தப் புத்தகங்கள் இன்னொருவரின் வாழ்க்கையையும் திருப்பிப் போட்டன. இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகள் மேடலின் ஸ்லேட். பீத்தோவன் இசையில் பைத்தியமாக இருந்தவர். அதைப் பற்றிப் பேசத்தான் ரோலண்டைத் தேடிப் போனார். பேச்சு காந்தியில் வந்து நின்றது. காந்தியைப் பற்றி ரோலண்ட் எழுதிய புத்தகத்தைப் படித்த மேடலின், 1925-ல் சபர்மதி ஆசிரமத்துக்கே வந்துவிட்டார். நாம் மீராபென் என்று சொல்வது இவரைத்தான்.

1931 டிசம்பர். லண்டன் வட்டமேஜை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், சுவிட்சர்லாந்தில் ரோலண்டைப் பார்க்க காந்தி போனார். மீராவும் உடனிருந்தார். கடைசி நாள் மாலை, பீத்தோவன் கொஞ்சம் வாசியுங்கள் என்று காந்தி கேட்டார். அவருக்கு மேற்கத்திய இசை பழக்கமில்லை. ஆனால், மீராவைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்தது பீத்தோவன்தான் என்று தெரியும். 65 வயது ரோலண்ட் பியானோ முன் உட்கார்ந்து, ஐந்தாவது சிம்பொனியிலிருந்து நிதானமான பகுதியை வாசித்தார்.

டிக்கெட் இல்லை, மேடை இல்லை. கேட்டவர்களும் சிலர்தான். அம்மா சொல்லிக்கொடுத்த பியானோ, அரை நூற்றாண்டு கழித்தும் விரலில் இருந்ததால்தான் அந்த மாலை நடந்தது.

மீராவுக்கும் இசை திரும்பி வந்தது. 1959-ல் ஐரோப்பா திரும்பியவர், 1982-ல் இறக்கும்வரை பீத்தோவன் வாழ்ந்த வியன்னாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்தார். பீத்தோவனைப் பற்றி அவர் எழுதியது, அவர் இறந்த பிறகு புத்தகமாக வந்தது மதுரையில்!

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “கிளாஸை நிறுத்தினது சரிதாம்மா. கீபோர்டை மட்டும் கீழே இறக்கி வைங்க. ஞாயித்துக்கிழமை அரைமணி நேரம். அதனால மார்க் குறையாது.”

“அவங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் அண்ணே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.