திவசத்துக்குப் பணமுண்டு, ஏட்டுக்கு இடமில்லை!

ஒரு மனிதன் செத்துப்போனால் நம் ஜனங்கள் செய்கிற ஆர்ப்பாட்டங்களை வாசகர்களுக்கு நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடை, பந்தம், பாலூற்றல், பதினாறாம் நாள் கருமாதி, அதன்மேல் மாசிகம், அதற்கும் மேல் வருஷா வருஷம் திவசம் என்று கடன் வாங்கியாவது செலவு செய்வார்கள். செத்தவர் காக்கையாய் வருவார் என்று கூரைமேல் சோற்றை வைத்துக் கூவிக் கூப்பிடுவார்கள். ஆனால் அதே மனிதர் உயிரோடிருந்த காலத்தில் தம் கையால் எழுதிவைத்த நாட்குறிப்பு, கடிதக் கட்டு, அச்சேறாத பாட்டு, கதை ஆகியவை மாத்திரம், கருமாதி முடிந்த வாரத்திலேயே பழைய பேப்பர்காரருடைய தராசில் ஏறிவிடும். எங்கிருந்தோ வந்த காக்கைக்கு வடை. கண்முன் இருக்கும் கையெழுத்துக்குத் தராசு! இதுதானா பிதுர் பக்தி என்று கேட்கின்றோம்.

ஆத்மா உண்டா இல்லையா என்ற தர்க்கத்தை இங்கே நாம் இழுக்கவில்லை. உண்டு என்பவர்களே சொல்லட்டும். இறந்தவர் என்ன நினைத்தார், எதற்குப் பயந்தார், எதைக் கண்டு சிரித்தார் என்பதை நமக்குக் காட்டக்கூடியது அந்தக் காகிதமா, எள்ளும் தண்ணீருமா?

இந்த அக்கிரமம் இன்று நேற்று ஏற்பட்டதுமல்ல. காலஞ்சென்ற உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஆசாரமுள்ள வைதிகர். ஆதலால் அவர் சொன்னதை நாஸ்திகர் கட்டிய கதை என்று எவரும் தள்ளிவிட முடியாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர் ஆசையோடு போனார். அவருக்குக் கிடைத்த பதில் என்ன? பழுதுபட்ட ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாய்விட்டது என்பதுதான்! ஒரு அரசன் அருமையாய்ச் சேர்த்ததை நெருப்பில் போட்டதோடல்லாமல், அதற்கு நெய்யும் மந்திரமும் வேறு செலவு! ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்ற வழக்கமும் இருந்தது. அப்படிப் போனவற்றில் எத்தனை நூல் என்பதை இனி எந்தப் பண்டிதர் கணக்கெடுக்க முடியும்?

தவிர, தப்பிப் பிழைத்ததன் யோக்கியதையையும் பார்ப்போம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கம் பிள்ளை, 1736 முதல் 1761-ல் சாகும் தறுவாய் வரையில் தமிழில் தினப்படிக் குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சண்டை நடந்தது, இன்னார் லஞ்சம் வாங்கினார் என்பதெல்லாம் அதில் உண்டு. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்கும் வரையில், 85 வருஷ காலம் அது உலகத்தார் கண்ணில் படாமலே கிடந்தது. சென்னை சர்க்கார் 1904 முதல் 1928 வரையில் 12 பாகங்களாக இங்கிலீஷில் வெளியிட்டது. சில காலத்துக்குரிய பகுதிகள் அகப்படவேயில்லை. அந்தக் குடும்பத்தாரை நாம் குறை சொல்லவில்லை. எரிக்காமல் வைத்திருந்தார்களே, அதுவே பெரிது.

கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர், தம் சொந்தக் காசைப் போட்டுப் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும்கூடத் தேடிச் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்த பிறகு அவற்றை விலை கொடுத்து வாங்கியது யார்? அமெரிக்காவிலுள்ள சிக்காகோ சர்வகலாசாலை. அதன் பேரில்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் ஏற்பட்டது. தமிழ் தமிழ் என்று மேடைதோறும் மார் தட்டுகிறவர்கள் அப்பொழுது எங்கே போயிருந்தார்களோ தெரியவில்லை.

பெண்கள் எழுதினதைப்பற்றியோ கேட்கவே வேண்டாம். ஆண் எழுதினது பரண்மேலாவது கிடக்கும். பெண் எழுதின நோட்டு அடுப்பு மூட்டத்தான் ஆகும். "அவளுக்கென்ன எழுத்து" என்ற திமிர்தான் காரணம்.

நிற்க, "செத்தவருடைய அந்தரங்கத்தைக் கிளறலாமா?" என்று சிலர் நியாயம் பேசுவார்கள். கிளறக்கூடாது என்றுதான் நாமும் சொல்லுகின்றோம். ஆனால் எது அந்தரங்கம் என்று தீர்மானிக்க வேண்டியவர் எழுதினவரா, அல்லது பரணைக் காலி செய்ய வந்த மைத்துனரா? இது கொளுத்த வேண்டியது, இது இருபது வருஷம் கட்டிவைத்துப் பிறகு பிரிக்க வேண்டியது, இது நாளைக்கே அச்சேற வேண்டியது என்று உடையவரே எழுதிவைத்துவிட்டால் வம்பே இல்லையே! அதை எழுதச் சொன்னால் மாத்திரம், "அபசகுனம், வாயைக் கழுவு" என்கிறார்கள். உயில் எழுதாதவர்கள் எல்லாரும் சிரஞ்சீவியாய் இருக்கிறார்களா?

1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதினவர் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருந்தால் உயில் செல்லும். முத்திரைக் காகிதம் வேண்டாம். ரிஜிஸ்டர் செய்வதும் கட்டாயமல்ல. அச்சேறாத கையெழுத்துப் பிரதியை ஒருவருக்கு உயிலில் எழுதிவைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரையில் பதிப்புரிமையும் அவருக்கே போகும் என்று 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லுகிறது. வீட்டுக்கும் நகைக்கும் பத்துப் பக்கம் எழுதுகிறவர், தம் நோட்டுப் புத்தகங்களுக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

இப்பொழுதோ கடிதம், படம், கவிதை எல்லாம் செல்பேசிக்குள் போய்விட்டன. ஆள் சாகும்போது கடவுச்சொல்லும் கூடவே சாகிறது. தமக்குப்பின் இன்னாரிடம் சேரவேண்டும் என்று குறித்துவைக்க கூகிள் கம்பெனி 2013-லும், ஆப்பிள் கம்பெனி 2021-லும் வழி செய்துவிட்டன. இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழித்துவிடக்கூடும் என்றும் 2023-ல் கூகிள் அறிவித்துவிட்டது. முதல் வருஷத் திவசத்துக்கும் இரண்டாம் வருஷத் திவசத்துக்கும் புரோகிதர் நாள் தவறாமல் வந்து தட்சணை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த இரண்டு வருஷத்துக்குள் அந்தக் கணக்கைத் திறக்க வீட்டில் ஒருவருக்காவது வழி தெரியுமா?